பழைய பிக்கப்பில் தண்ணீர் குறைந்து சூடு ஏறினால்: பினாங்கிலிருந்து சில அனுபவங்கள்

பாலிக் புலாவிலிருந்து

வண்டி சூடாகிறது என்று வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் ஒரு சாமானின் பெயரைச் சொல்லிவிடுவார். ஒருவர் தெர்மோஸ்டாட் என்பார், இன்னொருவர் வாட்டர் பம்ப் என்பார், மூன்றாமவர் ரேடியேட்டரையே மாற்றச் சொல்வார். நான் முதலில் பார்ப்பது வேறு. தண்ணீர் குறைந்ததால் சூடு ஏறியதா, சூடு ஏறியதால் தண்ணீர் கொதித்து வெளியே தள்ளியதா? சாலையோரத்தில் ஆவி பறக்க நிற்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தேட வேண்டிய இடம்தான் வேறு.

என்னுடையது 2006ஆம் ஆண்டு ஹைலக்ஸ், 2.5 டீசல். டுரியான் காலத்தில் பின்னால் கூடைகளை அடுக்கிக்கொண்டு துன் சார்டோன் சாலையில் ஏறிப் பாயா தெருபோங் பக்கம் இறங்குவேன். வளைந்து வளைந்து போகிற ஏற்றம் அது. இரண்டாம் கியரில் இழுக்கும்போது சுமை அதிகம், எதிர்க்காற்று குறைவு. அங்கேதான் சூடு காட்டும் முள் நடுவை விட்டு மேலே நகர ஆரம்பித்தது. சமதரையில் ஒரு தொல்லையும் இல்லை.

போனட்டைத் திறந்தால் ரிசர்வ் பாட்டில் நிறைந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் இருக்கிறது என்று மூடிவிடுபவர்கள்தான் அதிகம். மறுநாள் காலை, இஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே குழாய்களின் வாய் காய்ந்து கிடந்தது. பாட்டிலில் தண்ணீர், ரேடியேட்டரில் இல்லை! இப்படி இருந்தால் சந்தேகம் முதலில் மூடியின் மேல்தான் போக வேண்டும். அதில் இரண்டு வால்வுகள் உண்டு. சூட்டில் தண்ணீர் விரியும்போது ஒன்று திறந்து மிச்சத்தைப் பாட்டிலுக்கு அனுப்பும். ஆறும்போது மற்றது திறந்து அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். என் மூடியின் ரப்பர் இறுகி, நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழவில்லை. அனுப்பியதோடு சரி, திரும்ப வாங்கவே இல்லை.

மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அழுத்தத்தின் அளவு, ஏறக்குறைய பார் கணக்கில். அந்த அழுத்தம் நிற்கும்வரை வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது, 120ஐ ஒட்டித்தான் கொதிக்கும். ரப்பர் போனால் அந்த 20 டிகிரியும் கையை விட்டுப் போகிறது, ஏற்றத்தில் முள் எழாமல் என்ன செய்யும்? வாங்கும்போது அதே எண் போட்ட மூடியாகவே வாங்குங்கள். அதிக எண் போட்டால் நல்லது என்று கடையில் சொல்வார்கள். பழைய ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலையும் அதைத் தாங்க வேண்டுமே.

மூடி மாற்றியதும் ஏற்றத்தில் முள் அடங்கிவிட்டது. ஆனால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது நிற்கவில்லை. வீட்டு சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆயர் ஈத்தாமில் ஒரு ரேடியேட்டர் கடையில் கைப்பம்பை மூடி இருக்கும் இடத்தில் மாட்டி 1.1 வரை காற்று ஏற்றினார்கள். கைப்பம்பின் முள் மெல்ல இறங்கியது, எங்கோ கசிவு. டார்ச் அடித்துத் தேடியபோது வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையைச் சுற்றி, காய்ந்த பல்பொடி மாதிரி இளஞ்சிவப்பில் ஒரு படிவம். பம்பின் உள் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வரட்டும் என்றே வைத்த துளை அது. வண்டி ஓடும்போது கசிவதெல்லாம் சூட்டில் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கும். சிவப்புக் கூலண்ட் (ரேடியேட்டருக்கான நிறத் திரவம்) ஊற்றியிருந்ததால்தான் நிறம் காட்டிக்கொடுத்தது. பைப்புத் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டுபவர்களுக்கு இந்தச் சாட்சியே கிடைக்காது. பம்பை மாற்றினேன், குறைவது நின்றது.

பட்டர்வொர்த்திலிருந்து

அண்ணன் சொன்னது ஏற்றத்தில். எனக்கு நேர் எதிர். நெடுஞ்சாலையில் எவ்வளவு விரட்டினாலும் முள் அசையாது. சாயங்காலம் பினாங்குப் பாலத்தில் நெரிசலில் மாட்டினால் மட்டும் ஏறும். 13.5 கிலோமீட்டர் பாலம், நடுவில் வண்டியை ஒதுக்கி ஆறவிடலாம் என்றால் எங்கே ஒதுக்குவது?

ஊர்ந்து போகும்போது சூடு, ஓடும்போது குளிர்ச்சி என்றால் காற்றில்தான் கோளாறு. ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், நிற்கிற வண்டிக்கு ஃபேன் இழுத்துத் தர வேண்டும். இந்தப் பிக்கப்புகளில் ஃபேன் நடுவே ஒரு கிளட்ச் இருக்கும், உள்ளே சிலிக்கான் எண்ணெய். சூடு ஏறினால் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்ற வேண்டும். எண்ணெய் கசிந்துவிட்டால் சும்மா வழுக்கும். இஞ்சினை அணைத்துச் சாவியையும் எடுத்துவிட்டு, சூடாக இருக்கும்போதே ஃபேனைக் கையால் தள்ளிப் பார்த்தேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. நல்ல கிளட்ச் இறுக்கமாக நின்றுவிடும். கிளட்சின் முகத்தில் கதிர் கதிராகக் கறுப்பு எண்ணெய்த் தூசி வேறு.

முள் ஏறுவதற்கு முன்பே வண்டி ஓர் அறிகுறி காட்டியிருந்தது. நெரிசலில் ஏர்கோன் வெதுவெதுப்பாகும், வண்டி நகர்ந்தால் மறுபடி குளிரும். கேஸ் போடச் சொல்லிக் காசு வாங்குவார்கள், கவனம். அந்தக் கிளட்சைத் தூக்கிவிட்டு மின்சார ஃபேன் மாட்டச் சொல்பவர்களும் உண்டு. சுமை இழுக்கிற டீசலுக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை.

நிபோங் திபாலிலிருந்து

எங்கள் வண்டி செம்பனைத் தோட்டத்து வண்டி, இருபது வயதுக்கு மேல். முதலில் வந்த சூட்டுக்குக் காரணம் வெறும் குப்பை. ஏர்கோன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் விரல் அளவு இடைவெளி. அதற்குள் சேறும் லாலாங் புல்லின் பஞ்சும் மெத்தையாக அடைந்திருந்தன. முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தம். இஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடிக்க வேண்டும், அதுவும் மெதுவாக. வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து அதுவே அடைப்பாகிவிடும்.

கொஞ்ச காலம் கழித்துத் தண்ணீரும் குறைய ஆரம்பித்தது. ஒரு போர்மேன் (மெக்கானிக்) தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டார். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லையாம்! பட்டறைக்குப் பட்டறை இதையே கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. 82 டிகிரியை ஒட்டித் திறந்து இஞ்சினை அதற்கான சூட்டில் வைப்பது அதன் வேலை. பல இஞ்சின்களில் அதன் அடியில் ஒரு தட்டும் இருக்கும். மேல் வழி திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும், கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இஞ்சினுக்குள் திரும்பிவிடும். சுமை ஏறினால் முன்பைவிட அதிகம் சூடாகும். எங்களுக்கு அதுதான் நடந்தது.

உண்மையான நோய் வேறு. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தார் தோட்டத்து லோரி ஓட்டுநர் ஒருவர். கல் மாதிரி இறுகியிருந்தது. சூடே இல்லாமல் அழுத்தம் எங்கிருந்து வரும்? சிலிண்டரிலிருந்துதான், இஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே அடைத்து நிற்கும் ஹெட் காஸ்கெட் விட்டுப்போய். மூடியைத் திறந்து வைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் குமிழ் குமிழாக வந்தது, நிற்கவே இல்லை. இஞ்சின் ஆயில் சுத்தமாகத்தான் இருந்தது. ஆயில் பால் நிறமாகவில்லை, ஆகவே ஹெட் காஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காஸ்கெட் எந்த இடத்தில் விட்டது என்பதைப் பொறுத்தது அது.

இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரு தடவை நன்றாகச் சூடானாலே ஹெட் வளைந்துவிடலாம். மெஷின் கடையில் விரிசல் சோதனை செய்து, ஹெட்டைச் சீவி மட்டமாக்கிய பிறகுதான் புதுக் காஸ்கெட் போட்டோம். சீவாமல் போட்டால் அந்தக் காசு வீண்.

ஜூருவிலிருந்து

ஒரு சந்தேகம். வெளிநாட்டு வீடியோக்களில் சூடு ஏறினால் ஹீட்டரைத் திறந்துவிடச் சொல்கிறார்கள். என் வண்டியில் ஹீட்டரே இல்லையே? இன்னொன்று, என் முள் ஒருமுறை மேலே போய்விட்டுத் தானாகவே கீழே விழுந்தது. சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பாலிக் புலாவிலிருந்து

நம் நாட்டில் பல வண்டிகள் ஹீட்டர் இல்லாமல்தான் வருகின்றன, அந்த யோசனையை விட்டுவிடுங்கள். ஏர்கோனை அணைத்து, சுமையைக் குறைத்து, ஓரம் கட்டுங்கள். அவ்வளவுதான்.

முள் விழுந்தது நல்ல செய்தி இல்லை தம்பி. சூடு அளக்கும் சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் இறங்கிச் சென்சார் காற்றில் நின்றால் முள் கீழே வரும், இஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். உடனே நிறுத்திவிடுங்கள். ஆறும்வரை மூடியைத் திறக்கவும் வேண்டாம், குளிர்ந்த தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

பிறகு நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள். மூடி திறந்தபடி ஐட்லிங்கில் ஓடட்டும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது கீழ் ஹோஸும் சூடாகும், உள்ளே அடைந்த காற்று வெளியேறித் தண்ணீர் திடீரென்று இறங்கும். அந்த இடத்தை நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை கொஞ்சம் குறைந்திருந்தால் அது மிச்சக் காற்று, கசிவு இல்லை. அதற்கு அடுத்த நாளும் குறைந்தால் கைப்பம்பு வைத்திருக்கிற ரேடியேட்டர் கடையாகப் பார்த்துப் போங்கள்.