எயார்போட் செக்கிங்கில சோலியில்லாமல் போக என்ன போடுறது? தாலிக்கொடி, காப்பு, பெல்ட், சப்பாத்து

கொக்குவில்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஆவணியில தங்கச்சிக்கு ரொறன்ரோவில கலியாணம், அம்மாவையும் அப்பாவையும் நான்தான் கூட்டிக்கொண்டு போறன், கட்டுநாயக்காவால ஏறி டோகாவில மாறிப் போறது. அவை ரெண்டு பேருக்கும் பிளேன் ஏறுறது இதுதான் முதல் தரம். விசா வந்த நாளில இருந்து வீட்டில ஒரே கதைதான், உலோகம் இருக்கோ எண்டு பார்க்கிற அந்தக் கதவுக்குள்ளால போகேக்க கத்துமாம், எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவாங்களாம் எண்டு. பக்கத்து வீட்டு அன்ரி வேற வந்து, தங்கம் எண்டால் கத்தாது, கவரிங்தான் கத்தும், ஆனபடியால் நல்ல நகையாப் போட்டுக்கொண்டு போங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா, அம்மா இப்ப அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா.

அம்மா போடப்போறது: தாலிக்கொடி (நல்ல மொத்தம், கழட்டவே மாட்டா, கேட்டாலே முகம் மாறுது), ரெண்டு கையிலயும் அடுக்காக் காப்பு, தோடு, கொண்டைக்கு ஊசி கனக்க, சீலைக்கு அங்கயிங்க பின். அப்பா ஒருமாதிரி வேட்டியை விட்டிட்டு களிசான் போடச் சம்மதிச்சிட்டார், ஆனா பெரிய பித்தளை பக்கிள் வைச்ச பெல்ட்டைத்தான் கட்டுவாராம், அரையில வெள்ளி அரைஞாண், அதில ஒரு அச்சரக்கூடு. பிளாஸ்டிக் பக்கிள் பெல்ட் எண்டு ஒண்டு இருக்காம், அது கட்டினால் கழட்டாமலே போகலாமோ? டவுணில எங்க எடுக்கலாம்? சப்பாத்து எப்பிடியானது நல்லம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ பிளீஸ்.

பழைய_வயர்மன்:

தங்கச்சி, முதல்ல உங்கட அன்ரி சொன்னது பிழை. அந்தக் கதவுக்குள்ள இருக்கிறது கொயில், அதாவது சுத்தி வைச்ச கம்பி. அது விட்டு விட்டு ஒரு காந்தப்புலத்தைக் குடுக்கும், அது பட்டவுடன மின்சாரம் கடத்துற எந்த உலோகத்துக்குள்ளயும் ஒரு சின்ன கறண்ட் சுழலும், அந்தச் சுழல் திருப்பிக் குடுக்கிற சிக்னலைத்தான் மிசின் பிடிக்கிறது. இரும்போ தங்கமோ வெள்ளியோ கவரிங்கோ எண்டு அதுக்குக் கவலையில்லை, கடத்தினால் காணும், தங்கம் செம்புக்குக் கொஞ்சம் கீழதான், நல்லாவே கடத்தும். அதே போல வீட்டில காந்தத்தை வைச்சுப் பார்த்து ஒட்டேல்லை, ஆனபடியால் அடிக்காது எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். பித்தளையும் அலுமினியமும் காந்தத்தில ஒட்டாதுதான், கதவில அடிக்கும்.

எவ்வளவு உலோகம், என்ன உருவம், இதுதான் கணக்கு. மூடின வட்டமா இருக்கிற சாமான் கறண்ட் சுத்தி ஓடுறதுக்கு வசதி, அதால அடுக்காப் போட்ட காப்பு லேசில பிடிபடும், அதே நிறையில அறுந்துபோய் நீட்டா இருக்கிற சங்கிலி அவ்வளவுக்கு இல்லை. தோடு, ஒரு மோதிரம், மெல்லிய சங்கிலி எல்லாம் பெரும்பாலும் பேசாமல் போயிடும். மொத்தமான தாலிக்கொடி அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம், ஏனெண்டால் ஒவ்வொரு எயார்போட்டிலயும் மிசினை எவ்வளவு கூர்மையா வைச்சிருக்கிறாங்கள் எண்டதில வித்தியாசம் இருக்கு. ஒண்டுமே போடாத ஆளுக்கும் இடைக்கிடை சும்மா அடிக்கிற மாதிரியும் செற் பண்ணி வைப்பாங்கள், அதுக்குப் பயப்பிட வேண்டாம், கையால தடவிப் பார்த்திட்டு விடுவினம்.

பிளாஸ்டிக் பக்கிள் பெல்ட் இந்தக் கதவுக்குச் சரிவரும். ஆனா இப்ப கன இடத்தில கதவுக்குப் பதிலா கண்ணாடிக் கூடு மாதிரி ஒண்டுக்குள்ள கையைத் தூக்கிக்கொண்டு நிக்கச் சொல்லுவினம். அது மில்லிமீற்றர் அலை ஸ்கானர், உலோகம் மட்டும் இல்லை, உடம்பில ஒட்டி இருக்கிற எந்தச் சாமானையும் காட்டும், பொக்கெற்றில கிடக்கிற ரிஷு பேப்பரைக் கூட. அங்க பிளாஸ்டிக் பக்கிளும் ஒண்டுதான் பித்தளைப் பக்கிளும் ஒண்டுதான்.

ரொறன்ரோ_மாமி:

பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ, இங்க ஊரில இருந்து வாற கன பேரைக் கூட்டிக்கொண்டு வந்தனான். தாலிக்கொடியைக் கழட்டச் சொல்லிப் பெரும்பாலும் பலவந்தம் பண்ணமாட்டினம். அடிச்சால் பொம்பிளை ஒபிசர்தான் வந்து கையாலயோ அந்தச் சின்ன மிசினாலயோ பார்ப்பா, எல்லாருக்கும் முன்னால வேண்டாம் எண்டால் தனி அறை கேக்கலாம், நீங்களும் பக்கத்தில நிண்டு கதைச்சு விடுங்கோ. அம்மாவுக்கு முதலே சொல்லி வைக்கவேணும், அதுதான் முக்கியம், கொடியைச் சட்டைக்கு வெளியால எடுத்து விட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கோ, உள்ளுக்குள்ள ஒளிச்சு வைச்சால்தான் அவை கையை விட்டுத் தேடவேண்டி வரும், வெளியால தெரிஞ்சால் பார்த்த உடனயே விளங்கிடும்.

காப்பு வேற கதை. ஒவ்வொரு கையிலயும் ஒண்டை விட்டிட்டு மிச்சத்தை வீட்டில வைச்சே கழட்டி ஹான்ட் பாக்குக்குள்ள சிப் உள்ள பொக்கெற்றில போடுங்கோ. லைனில நிண்டு சோப்புப் போட்டுக் கழட்டுற கூத்தெல்லாம் பார்த்திருக்கிறன். நகையைத் தட்டத்தில சும்மா வைக்கவே வைக்காதேங்கோ, லக்கேஜ்ஜில போட்டு அனுப்பவும் வேண்டாம். அப்பாவை முதல்ல கதவுக்குள்ளால அனுப்புங்கோ, அவர் அங்கால போய் நிண்ட பிறகு பாக்கை எக்ஸ்றே மிசின்ர பெல்ட்டில விடுங்கோ, அப்பதான் மற்றப் பக்கத்தில எடுக்கிறதுக்கு எங்கட ஆள் ஒண்டு நிக்கும்.

சீலையைப் பற்றி ஒண்டு. கூறைச் சீலை மாதிரி சரிகை நிறைஞ்சதை அண்டைக்குக் கட்ட வேண்டாம், சரிகையும் உலோகம்தானே, கொசுவத்தின்ர மடிப்பையும் ஸ்கானருக்குப் பிடிக்காது, கட்டாயம் தடவிப் பார்ப்பினம். நூல் சீலை, பின் ரெண்டு மூண்டு, கொண்டைக்கு வலையும் றப்பர் பான்டும் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பும் காணும். பஞ்சாபி போட்டால் இன்னும் சுகம், ஆனா அம்மாமார் கேக்கவே போகினம்?

வடலி:

மாமி சொன்னது சரி, நான் பெல்ட்டுக்கு வாறன். யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் பாக் விக்கிற கடையளில கேட்டுப் பாருங்கோ, நைலோன் பட்டியில பள்ளிக்கூட பாக்கில இருக்கிற மாதிரி கிளிக் எண்டு பூட்டுற பக்கிள். ஆனா என்ர எண்ணம் அது வேண்டாச் செலவு. வயர்மன் அண்ணை சொன்ன ஸ்கானர் இருக்கிற இடத்திலயும் கழட்டவேணும், பெல்ட் எண்டு கண்டாலே கழட்டு எண்டு சொல்லுற ஒபிசர்மாரும் இருக்கினம், பக்கிள் பிளாஸ்டிக் எண்டு அவையோட வாதாடிக்கொண்டு நிக்க ஏலுமே? அப்பான்ர களிசானை ஒரு தையல்காரரிட்டக் குடுத்து இடுப்பில ரெண்டு பக்கமும் இலாஸ்ரிக் வைச்சுத் தைப்பிச்சால் பெல்ட்டே தேவையில்லை. பித்தளைப் பெல்ட்டைச் சுருட்டி லக்கேஜ்ஜில வைச்சு, கலியாணத்தண்டு கட்டட்டும்.

சும்மா சொல்லேல்லை, கட்டுநாயக்காவில உள்ள போற வாசலிலயே ஒரு செக்கிங், பேந்து கேற்றுக்குப் போகேக்க இன்னொண்டு, டோகாவில மாறேக்க திருப்பவும் ஒண்டு. அதுவும் யாழ்ப்பாணத்தில இருந்து இரவு பஸ்ஸில போய் நித்திரை முறிஞ்சு நிக்கிற நேரம், பெல்ட்டைக் கழட்டிப் போட்டு, கழட்டிப் போட்டு, ஒரு கையால களிசானைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற கிழவரை எல்லாரும் கண்டிருப்பியள். அதால எதை வாங்கினாலும் அடிக்குமோ அடிக்காதோ எண்டு மட்டும் பாராமல், குனியாமல் கழட்டிப் போட ஏலுமோ எண்டு பாருங்கோ.

சப்பாத்தும் அப்பிடித்தான். தோல் சப்பாத்து, அதுவும் ஒபிசுக்குப் போடுற மாதிரியானதுகளில அடிக்கட்டைக்குள்ள நீட்டா ஒரு இரும்புத் தகடு இருக்கும், வெளியால தெரியாது, அது அடிக்கும். லேஸ் இல்லாத கன்வஸ் சப்பாத்து, காலை விட்டால் போற மாதிரி, கொஞ்சம் இளக்கமானதா எடுங்கோ, நீண்ட நேரம் இருந்து வர கால் வீங்கும். மேஸ் கட்டாயம், கழட்டச் சொன்னால் வெறுங்காலோட அந்தக் குளிர் நிலத்தில நிக்கத் தேவையில்லை. அமெரிக்காவில 2025 ஜூலையில சப்பாத்துக் கழட்டுற விதியைப் பொதுவா எடுத்திட்டாங்கள், அதைக் கேள்விப்பட்டிட்டு உலகம் முழுக்க அப்பிடி எண்டு நினைக்க வேண்டாம், சொன்ன இடத்தில கழட்டத்தான் வேணும்.

கொக்குவில்காரி:

அய்யோ நன்றி எல்லாருக்கும். இலாஸ்ரிக் கதைக்கு அப்பா ஓம் எண்டிட்டார், பெல்ட் லக்கேஜ்ஜில. அம்மா கொடியை வெளியால விடுறது எண்டால் கண்ணூறு படும் எண்டு ஒரு பாட்டம் பாடினா, செக்கிங் நேரம் மட்டும் எண்டு சொல்லிச் சமாளிச்சாச்சு. அரைஞாணுக்கும் அச்சரக்கூட்டுக்கும்தான் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. மற்றது, அம்மான்ர ஹான்ட் பாக்கைக் கிண்டினன், உள்ள வெத்திலைப் பெட்டியும் பாக்குவெட்டியும் இருக்கு, ஒரு சின்ன கத்தரிக்கோலும்.

பனங்கொட்டை:

பாக்குவெட்டியா, கடவுளே. அதை உடனயே எடுத்து லக்கேஜ்ஜில போடுங்கோ, கத்தரிக்கோலையும்தான், அளவைப் பொறுத்து சில நாட்டில விடுவினம் சில நாட்டில விடாயினம், பறிச்சால் திரும்பி வராது. அப்பான்ர திறப்புக் கோர்வையையும் ஒருக்கால் பாருங்கோ, சின்ன மடக்குக் கத்தி, நகவெட்டி ஏதும் தொங்கும். துவக்குச் சன்னம் மாதிரிச் செய்த கீ ராக், பென்டன்ற் எல்லாம் பாஷன் எண்டு விக்கிறாங்கள், அது பிளாஸ்டிக்கா இருந்தாலும் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், எங்கட ஆக்களுக்கு ஏன் எண்டு விளக்கத் தேவையில்லை.

அரைஞாணுக்கு வாறன். கறுத்த நூல் எண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை, கதவுக்குக் கணக்கே இல்லை, கையில கட்டின கோயில் நூலும் அப்பிடித்தான். வெள்ளி அரைஞாண் எண்டால் இடுப்பைச் சுத்தி மூடின பெரிய வட்டம், வயர்மன் அண்ணை சொன்னாரே, அதேதான். அச்சரக்கூட்டுக்குள்ள செப்புத் தகடு வேற இருக்கும். அது உடுப்புக்குள்ள இருக்கிறபடியால் அவைக்கு என்ன எண்டு தெரியாது, சந்தேகமாத்தான் பார்ப்பினம். கழட்டி கையில பிடிச்சுக் காட்டிப்போட்டு பாக்குக்குள்ள போடலாம், மனம் இல்லையெண்டால் நூலில கோத்து அச்சரக்கூட்டை மட்டும் கழுத்தில போடட்டும், காட்டுறது லேசு. எக்ஸ்றேக்குள்ளால போனால் மந்திரம் போயிடுமோ எண்டு எங்கட பெரியப்பா கேட்டவர், நான் குருக்களிட்டக் கேளுங்கோ எண்டு விட்டிட்டன்.

உங்களுக்குச் சம்மந்தமில்லை, ஆனா இதை வாசிக்கிற கன பேர் பலாலி எயார்போட்டால சென்னை, திருச்சி போற ஆக்களா இருப்பினம், அவைக்கும் ஒண்டு சொல்லவேணும். இந்தியாவில கதவு அடிச்சாலும் அடிக்காட்டிலும் ஒவ்வொருத்தரையும் சின்னக் கட்டையில ஏத்தி நிப்பாட்டி கை மிசினால பார்ப்பினம், பொம்பிளையளுக்குத் திரை போட்ட இடம் தனியா இருக்கு. அதால அங்கயிருந்து திரும்பி வரேக்க பிளாஸ்டிக் பக்கிள் போட்டும் மிச்சமாகிற நேரம் ஒண்டும் இல்லை.

இன்னொண்டு, செக்யூரிட்டியையும் சுங்கத்தையும் போட்டுக் குழப்ப வேண்டாம். செக்யூரிட்டிக்காரருக்கு உங்கட நகை எத்தினை பவுண் எண்டது தேவையில்லை, ஆயுதம் இருக்கோ எண்டுதான் பார்ப்பினம். பவுண் கணக்குப் பார்க்கிறது இறங்கின பிறகு நிக்கிற சுங்கக்காரர். இலங்கையில இருந்து போன ஒரு புதுப் பொம்பிளையிட்ட சென்னையில சுங்கத்தில பறிச்ச 11 பவுண் தாலிக்கொடியைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி 2025ல சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, பேப்பரிலயும் வந்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான், ஆனா கோட்டுக்குப் போய் வருசக்கணக்கா அலையிறது ஆரால ஏலும்? மொத்த நகையோட போறதெண்டால் போற நாட்டின்ர சுங்க விதியை முதல்ல பாருங்கோ, நகை வாங்கின பில் இருந்தால் அதையும் போனில படம் எடுத்து வைச்சிருங்கோ.

ரொறன்ரோ_மாமி:

பனங்கொட்டை சொன்னது நல்ல கதை. பிள்ளை, கலியாண நகையெல்லாத்தையும் ஒரு துணிப் பையில போட்டு உங்கட கைப்பைக்குள்ள வையுங்கோ, அம்மான்ர பாக்கில வேண்டாம், அவவுக்குப் பதட்டத்தில எங்க வைச்சது எண்டே தெரியாது. திறந்து காட்டச் சொன்னால் உங்களுக்கு முன்னால திறக்கச் சொல்லுங்கோ. மணிக்கூடு, போன், சில்லறை, திறப்பு எல்லாத்தையும் லைனுக்கு வர முதலே பாக்குக்குள்ள போட்டிடவேணும். ரொறன்ரோவில இறங்கேக்க இந்தக் கதவுச் சோலி இல்லை, இமிகிரேசனும் சுங்கமும்தான், ஆனபடியால் வெளியால வர முதல் வோஷ்றூமில நிண்டு காப்பையெல்லாம் திருப்பிப் போட்டு வடிவா வரட்டும்.

கொக்குவில்காரி:

சரி மாமி. கடைசியா ஒண்டு, அம்மா கறித்தூள் ஒரு பெரிய பையில கட்டி வைச்சிருக்கிறா, அது கைப்பைக்குள்ளதான் வரவேணுமாம், லக்கேஜ்ஜில போட்டால் மணம் போயிடுமாம்…

வடலி:

லக்கேஜ்ஜில போடுங்கோ. கைப்பைக்குள்ள தூளைக் கண்டால் திறந்து சோதிப்பினம், பிறகு அம்மா ஒபிசருக்கு எப்பிடி வறுத்து இடிச்சது எண்டு விளக்கிக்கொண்டு நிக்க பிளேன் போயிடும். ரெண்டு பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டி, நடுவில உடுப்பை வைச்சு மூடுங்கோ, கூறையில மட்டும் படாமல்.