ரேம் காலியாகத்தானே இருக்கிறது, கேகம்பாக்ட்டி0 ஏன் சிபியூவைத் தின்கிறது?

கேள்வி:
வணக்கம். 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப், லினக்ஸ் 6.8 கெர்னல். 8 ஜிபி ஒதுக்கி ஒரு விர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிறேன். மதியத்துக்கு மேல் டாப் கமாண்ட் போட்டால், கேகம்பாக்ட்டி0 என்ற கெர்னல் த்ரெட் ஒரு கோரை 100 சதவீதம் பிடித்து வைத்திருக்கிறது. மவுஸ் விட்டு விட்டு நகர்கிறது. கில் மைனஸ் 9 கொடுத்தும் போகவில்லை. நானூறு எம்பிக்கு மேல் சும்மா கிடக்கும்போது இது எதைத் தேடி அலைகிறது? பட்டிஇன்ஃபோவில் (காலி ரேம் எந்த அளவுத் துண்டுகளாகக் கிடக்கிறது என்று காட்டும் ஃபைல்) ரேமின் நார்மல் ஜோன் என்ற பகுதிக்கான வரி:

41236 18820 6114 902 77 3 0 0 0 0 0

பதில் 1:
கம்பாக்‌ஷன்_ப்ரோஆக்டிவ்னெஸ் என்ற கெர்னல் அமைப்பின் மதிப்பை 0 ஆக்குங்கள். எனக்கு அதோடு தீர்ந்தது.

பதில் 2:
அது தற்காலிகத்துக்குச் சரி. ஆனால் அந்த வரியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள், விடை அதிலேயே இருக்கிறது. முதல் எண் 4 கேபி துண்டுகள், அடுத்தது 8 கேபி, இப்படி இரட்டித்துக்கொண்டே போகும். கூட்டினால் 437 எம்பி வருகிறது. ஆனால் பத்தாவது இடத்தில், அதாவது 2 எம்பி துண்டுகளில், பூஜ்யம். பஸ்ஸில் இருபது சீட் காலி, ஆனால் நான்கு பேர் சேர்ந்து உட்கார ஒரு வரிசைகூட இல்லை என்பது போலத்தான். ஹ்யூஜ் பேஜுக்கு, அதாவது வழக்கமான 4 கேபிக்குப் பதில் பெரிதாக ஒதுக்கும் பக்கத்துக்கு, 2 எம்பி ஒரே தொடர்ச்சியாக வேண்டும்.

சிதறிய காலி இடத்தை அப்படி ஒன்றுசேர்க்கத்தான் கேகம்பாக்ட்டியின் இந்த அலைச்சல். ஒரு ஸ்கேனர் ஜோனின் அடியிலிருந்து மேலே வந்து, நகர்த்தக்கூடிய பக்கங்களைப் பொறுக்கும். இன்னொன்று உச்சியிலிருந்து கீழே வந்து காலி இடம் சேர்க்கும். இரண்டும் சந்தித்தால் ஒரு சுற்று முடிந்தது. 2010இல் கெர்னல் டெவலப்பர் மெல் கோர்மன் லினக்ஸ் 2.6.35இல் இதைக் கொண்டுவந்தபோது, நினைவகம் கேட்ட ப்ராசஸே நின்று இந்த வேலையையும் செய்ய வேண்டியிருந்தது. 2016இல், 4.6இல்தான் கேகம்பாக்ட்டி என்று தனி த்ரெட் வந்தது. 5.9இலிருந்து யாரும் கேட்காமலே அரை விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. அதைக் கட்டுப்படுத்துவதுதான் மேலே சொன்ன மதிப்பு, இயல்பாக 20.

என் சந்தேகம் உங்கள் விர்ச்சுவல் மெஷின் மேல்தான். சில மென்பொருள்கள் விருந்தினர் ரேமை, அதாவது மெஷினுக்குக் கொடுத்த ரேமை, பின் செய்து (இடம் மாறாதபடி பூட்டி) வைத்துவிடும். பின் செய்த பக்கத்தை யாராலும் நகர்த்த முடியாது. கெர்னலின் நினைவகக் கணக்கைக் காட்டும் விஎம்ஸ்டாட்டில் கம்பாக்ட்_ஃபெயில், கம்பாக்ட்_சக்ஸஸ் இரண்டையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன் அண்ணா. ஃபெயில் ஏறிக்கொண்டே போகிறது, சக்ஸஸ் அசையவே இல்லை. மெஷினை நிறுத்தியதும் கேகம்பாக்ட்டி அடங்கிவிட்டது. அப்போ 0 வைத்தால் வேறு ஏதாவது கெடுமா?

பதில் 2:
லேப்டாப்பில் தைரியமாக வையுங்கள். 0 வைத்தாலும் த்ரெட் சாகாது, ரேம் குறையும்போது பக்கங்களை விடுவிக்கும் கேஸ்வாப்டி த்ரெட் எழுப்பினால் எழுந்து வேலை செய்யும். அப்புறம், ட்ரான்ஸ்பரன்ட் ஹ்யூஜ் பேஜின் (கெர்னல் தானாகவே ஹ்யூஜ் பேஜ் தரும் வசதி) டிஃப்ராக் அமைப்பு ஆல்வேஸில் இருந்தால் மட்வைஸுக்கு (madvise) மாற்றுங்கள். அப்போதுதான் ஹ்யூஜ் பேஜ் கேட்காத ப்ராசஸ்கள் இதற்காகக் காத்து நிற்காது. டேட்டாபேஸ் ஓடும் சர்வர் என்றால் நான் 0 வைக்கச் சொல்ல மாட்டேன். அங்கே ஹ்யூஜ் பேஜ்களை பூட் ஆகும்போதே, ரேம் உடையாமல் இருக்கும் நேரத்திலேயே, ஒதுக்கிவிடுவதுதான் நல்லது.