தனுஷ்கோடியின் பழைய வரைபடம் டெல்லியில் எங்கே கிடைக்கும்?

மயூர்விகார்_சேது:
வணக்கம். அப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர். தாத்தா அங்கே ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். 1964 டிசம்பர் புயலுக்கு முன்பே தாத்தாவை மானாமதுரைக்கு மாற்றிவிட்டதால் குடும்பம் தப்பியது. அப்பா இப்போது எங்களோடு இருக்கிறார். "ஸ்டேஷனைத் தாண்டி, பெண்கடல் பக்கம் குவார்ட்டர்ஸ், அதை ஒட்டி நல்ல தண்ணி ஊற்று" என்று அடிக்கடி சொல்வார். பெண்கடல் என்பது வடக்கே அலை குறைந்த பாக் கடல். கூகுளில் மணலும் ரோடும்தான் தெரிகின்றன. அந்த இடத்தை அவருக்கு வரைபடத்தில் காட்ட ஆசை. எதைத் தேடுவது?

ஆர்கேபுரம்_அளவர்:
நில அளவைதான் என் தொழிலாக இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சர்வே ஆஃப் இந்தியா தாள் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 58 ஓ/8. ராமேஸ்வரம் ஊர் அதற்கு மேலே 58 ஓ/7-இல் வரும். ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் வந்த பழைய பதிப்பைக் கேளுங்கள். ஜன்பத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் அதன் இணையப் பட்டியலான 'அபிலேக் படல்' தளத்தில் தேடிப் பாருங்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதித் தேட வேண்டும்.

தாள் கையில் வந்ததும் முதலில் ஓரக் குறிப்பைப் படியுங்கள். அச்சிட்ட வருஷம் வேறு, அளந்த வருஷம் வேறு. நமக்கு வேண்டியது அளந்த வருஷம். பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914-இல். தாளில் பாலம் இல்லையென்றால் அது உங்கள் தாத்தா காலத்துக்கு ரொம்ப முந்தையது, இலங்கையின் தலைமன்னாருக்குப் போன கப்பலுக்கான துறையும் அதில் இருக்காது.

அதை ஸ்கேன் செய்து, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தலாம். அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் வைத்துப் பொருத்தினால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும், ஏனென்றால் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கில் வரைந்தவை, இன்றைய செயற்கைக்கோள் படத்தின் கணக்கு வேறு. கடற்கரைக் கோட்டையும் நம்பவே கூடாது. அந்த மணல் திட்டு ஒவ்வொரு பருவத்திலும் நகர்கிறது, புயல் வேறு அடித்துப் போட்டிருக்கிறது. கல் கட்டடத்தைப் பிடியுங்கள்: இடிந்து நிற்கும் தேவாலயம், ஸ்டேஷன், ரயில்வே தண்ணீர்த் தொட்டி. அவை புயலுக்குப் பிறகும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. தாளில் குறித்திருந்தால் அவைதான் உங்கள் பிடிமானம்.

வீட்டிலிருந்தே இப்போதே ஒன்று பார்க்க வேண்டுமா? டெக்சஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் அமெரிக்க ராணுவத்தின் யூ502 என்ற வரைபட வரிசை இலவசமாகக் கிடைக்கிறது. 1950களில் வெளிவரத் தொடங்கிய தாள்கள். ஆனால் 1:250,000 அளவு, ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர். ரயில் பாதை எங்கே முடிகிறது என்று தெரியும், குவார்ட்டர்ஸ் தெரியாது.

கரோல்பாக்_ஜெசிந்தா:
பழைய கடல் வரைபடங்களையும் பாருங்கள். நிலத் தாளில் விட்டுப்போகிற கப்பல் துறையும் திட்டுகளும் அதில் இருக்கும். ஆழ எண்களைப் பார்த்து மீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள், பழையவற்றில் பாகக் கணக்கு. ஒரு பாகம் ஆறடி. எங்கள் ஊர் தங்கச்சிமடத்தில் இன்றும் பாகத்தில்தான் சொல்வார்கள்.

இன்னொன்று. எந்த வரைபடத்தையும் காட்டுமுன் அப்பாவையே ஒரு வெள்ளைத்தாளில் ஊரை வரையச் சொல்லுங்கள். அச்சிட்டதைப் பார்த்துவிட்டால் அவர் நினைவு அதன் பின்னால் போய்விடும். ஊற்றையும் குவார்ட்டர்ஸையும் சர்வேயர் குறிக்காமல் விட்டிருக்கலாம், அப்பாவின் நினைவில் அவை இருக்கின்றன. தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

மயூர்விகார்_சேது:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை வரையச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியைத்தான் முதலில் போட்டார், அதிலிருந்து ஊற்றுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு நடை என்றும் சொல்கிறார். 58 ஓ/8 கிடைத்ததும் தொட்டியை வைத்தே பொருத்திப் பார்க்கிறேன். அளவர் ஐயா, வரும் செவ்வாய் ஜன்பத் போகிறேன், உங்களால் கூட வர முடியுமா?