பெரிய மாமா பேரு கிடைச்சிருச்சு

குழு: நம்ம வீடு, டெல்லி

சித்தப்பா: ஞாயித்துக்கிழமை காலையில அம்மாவைக் கூட்டிட்டு டெல்லி கன்டோன்மென்ட் பிரார் ஸ்கொயர் போர்க் கல்லறைக்குப் போறேன். யாரெல்லாம் வர்றீங்க? ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பட்டாளத்துல இறந்துபோன அம்மாவோட அண்ணன், நம்ம பெரிய மாமா பேரு கிடைச்சிருச்சு.

அத்தை: என்னண்ணே சொல்றீங்க! மாமாவை இறந்த இடத்துலயே எரிச்சுட்டாங்கன்னு அம்மா சொல்லுமே?

சித்தப்பா: சமாதி இல்லம்மா, பேரு இருக்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல தேடினேன். ‘டெல்லி/கராச்சி 1939-1945 போர் நினைவுச்சின்னம்’னு வந்துச்சு. பிரிவினைக்கு முந்தின இந்தியப் படையில இறந்த 25,000 பேருக்கு மேல அந்தப் பட்டியல்ல இருக்காங்க.

தம்பி: இந்தியா கேட்ல இருக்காதா சித்தப்பா?

சித்தப்பா: அது முதல் உலகப்போர், ஆப்கன் சண்டையில போனவங்களுக்குடா. பக்கத்துல 2019-ல தேசியப் போர் நினைவுச்சின்னம் திறந்தாங்களே, அது சுதந்திரத்துக்கு அப்புறம் உயிர் விட்டவங்களுக்கு. நடுவுல போன நம்ம மாமா மாதிரி ஆளுங்களுக்கு பிரார் ஸ்கொயர்தான். இத்தனை வருஷமா இதே ஊர்ல இருந்துக்கிட்டு ஒரு பூ வைக்கலையேன்னு மனசு கேக்கல.

அண்ணி: மாமா சண்டையில சாகலையே? ஆஸ்பத்திரியில காய்ச்சல்லதானே போனாரு?

சித்தப்பா: 1939 செப்டம்பர் 3-ல இருந்து 1947 டிசம்பர் 31-க்குள்ள பணியில இருக்கறப்ப காய்ச்சல்ல போனாலும் சேர்த்துக்கறாங்க. மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற பட்டாளத்து இன்ஜினியர் படையில இருந்துக்கிட்டு வெயில்லயும் மழையிலயும் பாலம் போட்டவருக்குக் காய்ச்சல் எங்கேருந்து வந்துச்சு? அதுவும் சண்டைதான்.

நான்: நேத்து ஆபீஸ் முடிஞ்சு போய்ப் பார்த்துட்டு வந்தேன். அலகாபாத், கான்பூர், டேராடூன், லக்னோல இருந்த கல்லறைகளை எல்லாம் 1951-ல இங்க கொண்டுவந்து சேர்த்திருக்காங்க. அதிகாரிக்குப் பெருசு, சிப்பாய்க்குச் சிறுசுன்னு கிடையாது. கல்லுல பேரு, ரெஜிமென்ட் சின்னம், தேதி, வயசு. ஒரு பையனுக்கு வயசு 20. அடியில வீட்டாளுங்க எழுதச் சொன்ன ஒரு வரி. புல்லை அவ்வளவு சீராக் கத்தரிச்சிருக்காங்க.

சித்தப்பா: அம்மா பேசினதைப் போடறேன்.
🎤 “எங்கண்ணன் பட்டாளத்துக்குப் போறப்ப எனக்கு ஏழு வயசு. மாசாமாசம் மணியார்டர் வரும். அப்புறம் தந்திதான் வந்துச்சு. அந்தத் தந்தியும் தொலைஞ்சு போச்சு. எங்கம்மா நாள் தெரியாம கடைசி வரைக்கும் ஆடி அமாவாசைக்குத்தான் படைச்சா. ஏப்பா, அதுல தேதி போட்டிருக்கா?”

சித்தப்பா: போட்டிருக்கும்மா. 1943, அக்டோபர் மாசம்.

அத்தை: அப்போ திதி பார்த்துடலாம்! அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் யார்கிட்டயாவது இருக்கும். மலை மந்திர்ல குருக்கள்கிட்ட நாளைக்கே கேக்கறேன். அண்ணே, முழுத் தேதியையும் எனக்குத் தனியா அனுப்புங்க.

அண்ணி: பூ நான் வாங்கிடறேன். கல்லறைக்குக் கதம்பம் வைக்கலாமா அத்தை?

சித்தப்பா: அம்மா மல்லிப்பூ கேக்குது. மாமா ஊருக்கு வர்றப்பெல்லாம் தங்கச்சிக்கு அதைத்தான் வாங்கிட்டு வருவாராம்.

தம்பி: பசங்களையும் கூட்டிட்டு வர்றேன். எத்தனை மணிக்கு?

சித்தப்பா: எட்டு. தௌலா குவான்கிட்ட டிராஃபிக் ஏறறதுக்குள்ள போயிடணும்.

அத்தை: நாங்க நாலு பேரு. அம்மா உட்கார மடக்கு நாற்காலி நான் எடுத்துட்டு வர்றேன்.