நாலு மாத ஐரோப்பியப் பயணம்: ரயில் பாஸ் எடுக்கலாமா?

வணக்கம். என் அக்கா மகளுக்கு 22 வயது, மெல்போர்னில் பிறந்து வளர்ந்தவள். கஃபேயில் இரண்டு வருடம் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஏப்ரலில் லண்டன் போகிறாள். நாலு மாதம், தனியாக.

ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டில் விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) 180 நாளுக்கு 90 நாள்தான் இருக்கலாம். மீதி நாள்களுக்குப் பிரிட்டனும் அயர்லாந்தும்; அவை அந்தக் கணக்கில் வராது. அதுவரை சரி.

குழப்பம் பயணச் செலவில்தான். பல நாட்டு ரயில்களிலும் போக உதவும் பாஸ்களில் இன்டர்ரெயில் ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும், இவளுக்கு யூரெயில் பாஸ்தான். 27 வயது வரை இளைஞர் சலுகை உண்டு. ஆனால் பாஸ் இருந்தாலும் யூரோஸ்டார், பிரான்சின் டிஜிவி போன்ற அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இரவு ஃபிளிக்ஸ்பஸ்ஸில் ஏறினால் ஒரு ராத்திரி ஹாஸ்டல் வாடகையும் மிச்சம் என்கிறாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். பாஸ் கட்டுப்படியானதா? இரவு பஸ்ஸில் பெண்கள் தனியாகப் போகலாமா? எடின்பரோ, பாரிஸ், ப்ராக், புடாபெஸ்ட்டில் பெண்களுக்குத் தனி அறையும் சமையலறையும் உள்ள ஹாஸ்டல் தெரியுமா? அவள் சைவம். அடுப்பு இருந்தால் சோறு வைத்துச் சமாளித்துக்கொள்வாள். அடுத்த வாரம் டிக்கெட் போடுகிறோம், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.