புதுப்பிப்பு: மல்லிகைச் சாடி வேரில் இருந்த வெள்ளைப் பஞ்சு

தண்ணீர் ஒழுங்காக ஊற்றியும் மல்லிகை மஞ்சளாகி வாடுகிறது, சாடியைச் சுற்றி எறும்பு வேறு என்று இங்கே முன்பு எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. பூஞ்சணம் என்றுதான் பலர் சொன்னீர்கள். செடியைச் சாடியோடு கவிழ்த்துப் பார்த்தால் வேரிலும் சாடியின் உட்சுவரிலும் வெள்ளைப் பஞ்சு. பூஞ்சணம் மெல்லிய நூலாகப் பரவியிருக்கும், நசுக்கினால் ஒன்றுமே வராது. இதுவோ திட்டுத் திட்டாக, விரலால் நசுக்கினால் ஈரம் பிசுபிசுத்தது, ஆக வேரில் சாறு உறிஞ்சும் வேர் மாவுப்பூச்சிதான். மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காகத்தான் எறும்பு அதைக் காவல் காக்கிறது, வேறு செடிக்கும் தூக்கிப் போகும்.

பழைய மண்ணை முழுக்க உதறி, வேரைக் குழாய்த் தண்ணீரில் அலசி, கெட்ட வேரை வெட்டி, சவர்க்கார நீரில் கழுவிய சாடியில் புது மண்ணும் தும்புச்சோறும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் போட்டு நட்டேன். மாவுப்பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் மேலே ஊற்றும் மருந்து லேசில் ஒட்டாது, அலசுவதுதான் உண்மையான வைத்தியம். இப்போது புதுத் தளிர் வந்திருக்கிறது.

பழைய மண்ணை எறியவில்லை. ஈரமாக்கி, கண்ணாடி போன்ற பொலித்தீனால் மூடி, நம் திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் 4 முதல் 6 வாரம் விட்டால் போதும், சூட்டில் பூச்சி செத்துவிடும், உப்புவெளிப் பக்கம் வெயிலுக்கா பஞ்சம்!

தக்காளி வேரில் முடிச்சு என்று கேட்டவருக்கு: அது நூற்புழு, மண்ணில் இருந்து வேருக்குள் புகும் நுண்ணிய புழு, வேறு கதை, வேரோடு பிடுங்கி எறியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.