பேட்டர்னலிசம்: ‘தந்தைமைவாதம்’ வேண்டாம், வேறு சொல் காண்போம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

‘பேட்டர்னலிசம்’ என்பதைத் ‘தந்தைமைவாதம்’ என்று எழுதினால், படிப்பவர் ஆணாதிக்கத்தையோ தந்தைவழிச் சமூகத்தையோ நினைத்துக்கொள்கிறார். சொல்ல வந்தது வேறு. வயதுவந்த ஒருவரின் நன்மையைக் காரணம் காட்டி, அவர் எடுக்க வேண்டிய முடிவை இன்னொருவர் எடுப்பது. உவமையை விட்டுச் செயலைச் சொல்லும் ‘நலக்கட்டாயம்’ என்பதை முன்வைக்கிறேன்.

சோதித்துப் பார்க்க எவரெட் கூப் பொருத்தமானவர். 1982 முதல் 1989 வரை அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக இருந்தார். (தயவுசெய்து ‘தலைமை அறுவை மருத்துவர்’ என்று பெயர்க்காதீர்கள். அந்தப் பதவியில் கத்திக்கு வேலையில்லை. நாட்டுக்கு உடல்நல அறிவுரை சொல்வதே முதல் வேலை. எதையும் தடைசெய்யும் அதிகாரம் கிடையாது.) 1984இல், 2000ஆம் ஆண்டுக்குள் புகையற்ற சமூகம் வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். ‘என் நுரையீரல், என் முடிவு’ என்பவருக்கு இது நலக்கட்டாயம்தானே?

இப்படி, தனிமனிதர் முடிவில் அரசு தலையிடக் கூடாது என்று வாதிடும் லிபர்டேரியனுக்கு ‘தன்னுரிமைவாதி’ என்று வைத்துக்கொள்கிறேன். ‘விடுதலைவாதி’ என்றால் நம் காதில் நாட்டு விடுதலை ஒலிக்கிறது. ‘தாராளவாதி’ லிபரலுக்குப் போய்விட்டது.

—

> ‘நலக்கட்டாயம்’ என்பதை முன்வைக்கிறேன்

ஐயா, தந்தையை விலக்கியது நல்லது. ஆனால் ‘கட்டாயம்’ உள்ளே வந்ததும் பொருள் சுருங்கிவிடுகிறது. நோயாளியிடம் மறைத்து, மகனை மட்டும் வெளியே அழைத்துப் புற்றுநோய் என்று சொல்லும் மருத்துவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் அது அப்பட்டமான பேட்டர்னலிசம்; தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வழி நோயாளிக்கு அடைபட்டுவிட்டது.

இன்னொரு சோதனை. பொருளியலாளர் தேலரும் சட்ட அறிஞர் சன்ஸ்டீனும் 2003இல் ‘லிபர்டேரியன் பேட்டர்னலிசம்’ என்பதை முன்வைத்தார்கள். உணவகத்தில் பழத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, ஓய்வுக்காலச் சேமிப்பில் ஊழியரைத் தானாகவே சேர்த்துவிட்டு விலகும் வழியையும் திறந்து வைப்பது போன்றவை. உங்கள் சொல்லைப் போட்டால் ‘தன்னுரிமைசார் நலக்கட்டாயம்’ என்றாகும். அந்த இணைப்பே முரண் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது கலைச்சொல்லின் வேலையல்ல.

கூப்பிடமே வருவோம். 1986 அக்டோபரில் வெளியான எய்ட்ஸ் அறிக்கையில், கட்டாய இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்றார். கட்டாயப்படுத்தினால் தொற்று உள்ளவர்கள் மறைந்துகொள்வார்கள், பரிசோதனையும் அறிவுரையும் அவர்களைச் சென்றடையாது என்பது அவர் கணக்கு. 1988இல் எய்ட்ஸ் பற்றிய 8 பக்க விளக்க ஏட்டை 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அரசு அஞ்சலில் அனுப்பியது. அங்கே தன்னுரிமைவாதி கேட்பது ‘ஏன் கட்டாயப்படுத்தினாய்’ என்றல்ல, ‘யார் வரிப்பணம்’ என்று. இரண்டும் வெவ்வேறு குற்றச்சாட்டு. ஒரே சொல்லில் போட்டுக் கட்டினால் வாதம் குழம்பிவிடும்.

என் பரிந்துரை ‘காப்பாண்மை’. மேலாண்மை, தாளாண்மை போல, காப்பு + ஆண்மை (ஆள்+மை). சட்டத் தமிழில் வயதுவராதவருக்குப் பொறுப்பானவர் காப்பாளர். மாணவர் விடுதியில் எத்தனை மணிக்குக் கதவடைப்பது என்று முடிவு செய்பவரும் காப்பாளர். வளர்ந்தவரையும் அப்படி நடத்துவது காப்பாண்மை. அக்கறையும் அதிகாரமும் ஒரே சொல்லில் நிற்கின்றன.

—

‘காப்பாண்மை’ நன்று. ஆனால் அருங்காட்சியகக் காப்பாட்சியர் நினைவுக்கு வருகிறாரே? முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுத்தால் இந்தக் குழப்பம் தீரும். சொல்லைத் தள்ள இது போதாது.

எனக்குப் பெரிய கவலை, சொல்லைத் தவறான இடத்தில் வைப்பது பற்றி. கூப்பின் 1986 டிசம்பர் அறிக்கை, பிறர் விட்ட புகையைச் சுவாசிப்பவருக்கு வரும் நோய் பற்றியது. ஒரே காற்றுள்ள இடத்தில் புகைப்பவரையும் புகைக்காதவரையும் தனித்தனியாக உட்கார வைத்தால் பாதிப்பு குறையலாம், நீங்காது என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று. இங்கே தீங்கு பிறருக்கு. எனவே இது காப்பாண்மையே அல்ல. தன்னுரிமைவாதி எதிர்ப்பது வேறு வழியில்: இடம் யாருடையது, உள்ளே வந்தவர் தெரிந்து வந்தாரா? 1988 ஏப்ரலில் 2 மணி நேரத்துக்கு உட்பட்ட அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் சட்டம் புகைக்கத் தடை விதித்தது. அதே ஆண்டு நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் அதற்கும் மேலே போய்த் தானாகவே தடையை விரிவாக்கியது. தன்னுரிமைவாதிக்கு முதலாவது உறுத்தும், இரண்டாவது உறுத்தாது. இருக்கையில் இருப்பவரின் நுரையீரலுக்கு இரண்டும் ஒன்றே.

எச்சரிக்கை வாசகம் இன்னும் நுட்பமானது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் பெட்டியில் 4 வாசகங்களை மாற்றி மாற்றி அச்சிடச் சொன்னது. கட்டாயம் உற்பத்தியாளர்மேல், புகைப்பவருக்கு வந்தது தகவல் மட்டும். நஞ்சுப் புட்டியில் அபாயத்தை எழுதச் சொல்வது சுதந்திரத்தை மீறாது என்று 1859இலேயே ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். வாங்கியது நஞ்சு என்று தெரியாமலிருக்க வாங்குபவர் விரும்ப முடியாது என்பது அவர் வாதம். கறாரான தன்னுரிமைவாதி இதையும் ஏற்கமாட்டார். விற்பவரை வலிந்து பேசவைப்பது அவருக்குத் தவறு.

அதனால் ஒரு கருத்தை எடுத்ததும் முதலில் தீங்கு யாருக்கு என்று பாருங்கள். பிறருக்கென்றால் இந்தச் சொல்லுக்கு இடமில்லை. தனக்கே என்றால், அவர் அறிந்து, தன் விருப்பப்படி செய்கிறாரா என்று பார்க்க வேண்டும். அறியாமையையோ கட்டுமீறிய பழக்கத்தையோ மட்டும் சரிசெய்தால் ‘மென்காப்பாண்மை’. தெளிந்து எடுத்த முடிவையே மறித்தால் ‘வன்காப்பாண்மை’. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் என்ற கூப்பின் 1988 அறிக்கைக்கு முழு எடையும் இந்த இடத்தில்தான். அடிமைப்பட்டவரின் ‘என் முடிவு’ எவ்வளவு தூரம் அவருடையது என்ற கேள்வியைத் தன்னுரிமைவாதியாலும் தட்டிக்கழிக்க முடியாது.

—

‘நலக்கட்டாய’த்தை விலக்கிக்கொள்கிறேன். சொற்பட்டியலுக்கு இப்படி எழுதலாமா?

காப்பாண்மை: ஒருவரின் நன்மைக்கென்று, அவர் ஒப்புதலின்றி, அவர் முடிவில் தலையிடுதல். கட்டாயம், மறைப்பு, தூண்டல் எவ்வழியிலும் நிகழலாம்.

பெயரடைக்குக் ‘காப்பாண்மைசார்’ போதும். அப்படி நடப்பவரைக் குறிக்கத்தான் சிக்கல்: ‘காப்பாளர்’ என்றால் விடுதிக்காரர் ஆகிவிடுகிறார், ‘காப்பாண்மையர்’ நாவில் ஒட்டவில்லை. யாரேனும் முயலுங்கள்.